மேல்காற்றும் நாய் மூக்கும்: வாசகர் கேள்வி–பதில்

நாயின் மோப்பத் திறன் பற்றிக் கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளரும் சேர்ந்து எழுதிய பதில்கள்.

எங்கூர்ல ஒரு வீட்ல திருட்டுப் போச்சுங்க. மோப்ப நாய் வந்து வீட்டைச் சுத்தீட்டு, தார் ரோடு வரைக்கும் ஓடி அங்கயே நின்னுருச்சு. பேப்பர்லயும் எப்பவும் இதே கதைதான் வருது. நாய்க்குத் தெரியலீங்களா?
– தாராபுரம் வாசகர்

பெரும்பாலும் தடமே அங்கே முடிந்திருக்கும். நடக்கிற ஆளின் உடம்பிலிருந்து நிமிடத்துக்குப் பல்லாயிரம் தோல் செல்கள் உதிர்கின்றன. அவற்றோடு வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கிருமிகளும் சேர்ந்து தரையில் படிகின்றன. மிதிபட்ட புல்லும் கிளறிய மண்ணும் தனி வாசனை விடும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் நாய்க்குத் தடம். ஆள் பைக்கில் ஏறிவிட்டால் உதிர்வது காற்றில் சிதறிவிடும். காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே வருவதே சொற்பம். ஆகவே நாய் ரோட்டில் நின்றது என்றால், "இங்கே வண்டி ஏறினான்" என்று அது சொல்லியிருக்கிறது. அந்த இடத்துக் கேமராக்களில் எதைப் பார்ப்பது என்று போலீசாருக்கு அது நல்ல துப்பு.

ஆள் எந்தப் பக்கம் போனான் என்பதையும் நாய் சொல்லும். 1993-ல் வெளியான நார்வே ஆய்வில், ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் 20 நிமிடத்துக்கு முன் புல்லில் பதிந்த தடத்தின் திசையை 3 முதல் 5 விநாடிக்குள் சரியாகத் தேர்ந்தன. அதற்கு ஐந்து காலடிகள் போதும் என்று 2005-ல் வேறொரு ஆய்வு காட்டியது. ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் வாசனையில் உள்ள மிகச் சிறிய வித்தியாசத்தை வைத்தே நாய் இதைச் செய்கிறது.

அந்த வித்தியாசத்தை அழிப்பவர்கள் நாம்தான். திருட்டு நடந்ததும் ஊரே வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்க்கிறது. விடிந்ததும் பழக்கத்தில் வாசலுக்குச் சாணித் தண்ணி தெளித்துவிடுகிறார்கள். நாய் வருவதற்குள் பத்துத் தடம் மேலே விழுந்திருக்கும். எனவே திருட்டைக் கண்டவுடன் வாசல் தெளிக்காதீர்கள், கூட்டாதீர்கள். வீட்டார் எல்லோரும் ஒரே வழியாக வெளியே வந்து, அந்தப் பக்கமே நில்லுங்கள். திருடன் தொட்டுப் போட்ட கடப்பாரை, துணி, செருப்பு எதையும் எடுக்காதீர்கள். வண்டிகளைத் தள்ளி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். காலையிலிருந்து யார் யார் உள்ளே வந்தார்கள் என்று நாய் கையாளுநரிடம் சொல்லிவிடுங்கள். அவர்களை வரிசையில் நிறுத்தி, "இவர்கள் இல்லை" என்று நாய்க்குக் காட்ட முடியும்.

வீட்டுப் பெரியவர் ஞாபகமில்லாமல் எங்கோ போய்விட்டால், அவர் உடுத்தித் துவைக்காத துணியையோ தலையணை உறையையோ கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, புதிய ஜிப் கவரில் போட்டு மூடி வையுங்கள். மற்றவர் துணியோடு அழுக்குக் கூடையில் கிடந்தது உதவாது. அது நான்கு பேர் வாசனையைத் தரும், நாய் வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

நாய் ஒருவரைக் கவ்வினால் மட்டும் அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். அது விசாரணைக்கு வழிகாட்டலாம், சாட்சியமாக வலுவற்றது என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் ஓர் ஆந்திர வழக்கில் சொல்லியிருக்கிறது.

நாய்க்கு நம்மள விட லட்சம் மடங்கு மோப்பம்னு சொல்றாங்களே, நெசமாங்க?
– சத்தியமங்கலம், வாழை விவசாயி

எல்லா வாசனைக்கும் ஒரே மடங்கு கிடையாது. உங்கள் வாழைப்பழத்தின் மணத்தில் முக்கியப் பங்கு உள்ள வகைப் பொருளான அமைல் அசிட்டேட்டை வைத்து 2006-ல் ஓர் ஆய்வு வெளியானது. லட்சம் கோடிப் பங்கு காற்றில் ஒன்று அல்லது இரண்டு பங்கு இருந்தாலே நாய்கள் கண்டுகொண்டன. வியர்வையிலும் மாமிசத்திலும் உள்ள கொழுப்பமிலங்களிலும் நாய் மூக்கு மிகக் கூர்மை. வேறு சில பொருட்களில் மனித மூக்கும் நாய்க்குச் சமமாக நிற்கும்.

கூர்மைக்குக் காரணம் மூக்கின் அமைப்பு. நாய் மோந்து பார்க்கும்போது விநாடிக்கு ஐந்து முறை அளவில் உறிஞ்சுகிறது. உள்ளே போகும் காற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் தனிப்பாதையில் மூக்கின் பின்கோடிக்குப் போகிறது. அங்கே மெல்லிய எலும்புகள் சுருள் சுருளாக அடுக்கியிருக்கின்றன, அவற்றின் மேல்தான் வாசனை அறியும் செல்கள். மூச்சு விடும்போது இந்தப் பின்கோடிக் காற்று அடித்துக்கொண்டு வெளியே வருவதில்லை, அங்கேயே தங்குகிறது. வெளியேறும் காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகப் பின்னோக்கிப் போய், முன்னாலிருந்து புதுக் காற்றை மூக்குக்கு இழுத்துத் தருகிறது. இரண்டு துளைகளும் தனித்தனி இடத்துக் காற்றை எடுப்பதால் வாசனை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் தெரியும். வாசனையைப் பிடிக்கும் ஏற்பிகளுக்கான மரபணுக்களில் வேலை செய்பவை மனிதரிடம் ஏறத்தாழ 400, நாயிடம் ஏறத்தாழ 800.

தென்னையில கூன்வண்டு விழுந்தா மரம் சாயற வரைக்கும் தெரிய மாட்டேங்குது. நாயை வெச்சுக் கண்டுபிடிக்க முடியுங்களா?
– பொள்ளாச்சி வாசகர்

முடியும் என்பதற்கு ஆதாரம் உண்டு. இஸ்ரேலில் பேரீச்சையில் விழுந்த இதே சிவப்புக் கூன்வண்டைக் கண்டுபிடிக்கக் கோல்டன் ரெட்ரீவர் நாய்களைப் பழக்கி, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். புழு உள்ளே குடைந்த திசு புளித்து நொதிக்கும். துளையில் வடியும் பழுப்புச் சாறு கண்ணுக்குத் தெரியும் முன்பே அந்த வாசனை மெல்ல வெளியே வரும்.

நம் தோட்டத்தில் இதைச் செய்வதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது உயரம். பேரீச்சையில் பெரும்பாலும் அடித்தண்டில் விழுகிறது, நாய் மூக்குக்கு எட்டும். வளர்ந்த தென்னையில் கொண்டையில் விழுந்தால் கீழே நிற்கும் நாய்க்குக் காற்று கொண்டுவந்தால்தான் உண்டு. ஆகவே இளங்கன்றுத் தோப்புகளில்தான் இது பலன் தரும்.

இரண்டாவது, பழக்கும் மாதிரி. வண்டு விழுந்து வெட்டிய மரத்திலிருந்து சாறு ஊறிய நாரைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுப்பீர்கள். அதை மட்டும் வைத்துப் பழக்கினால் நாய் "வெட்டிய தென்னை" என்பதையே கற்றுக்கொள்ளும். அதனால் நல்ல மரத்தின் வெட்டிய நார், அழுகின இளநீர் மட்டை, நீரா இறக்கிய பாளை மூன்றையும் தனித்தனிப் பாட்டிலில் வைத்து, அவற்றுக்குப் பரிசு இல்லை என்று பழக்க வேண்டும். புளிப்பு வாசனை இவற்றிலும் இருக்கிறது.

மூன்றாவது, தோப்பில் ஏற்கெனவே தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறி, அதாவது வண்டை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் பொறி. பொறியில் உள்ள மருந்தைத் தொட்ட கையால் மாதிரி எடுத்தால் நாய் பொறிக்குப் பொறி ஓடும். மாதிரி எடுக்கும் நாளில் பொறிப் பக்கமே போகாதீர்கள்.

வீட்ல வளக்கற நாய்க்கு மோப்பப் பயிற்சி குடுக்கோணும்னு பையன் ஆசைப்படறானுங்க. என்ன வாங்கோணும், எப்படி ஆரம்பிக்கோணும்?
– கோபிசெட்டிபாளையம் வாசகி

ஒரே அளவில் ஆறு செருப்பு அட்டைப்பெட்டிகள், ஒரு கண்ணாடி ஜாடி, காது குடையும் பஞ்சுக்குச்சி, கிராம்பு எண்ணெய், ஸ்டீல் இடுக்கி, கையுறை, மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட புதிய சிறு தகர டப்பா. தலைவலித் தைல டப்பாவை எடுக்காதீர்கள், எத்தனை கழுவினாலும் அந்த வாசனை போகாது. பரிசுக்கு வேகவைத்த கோழி ஈரலைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். வெங்காயம் சேர்த்து வேகவைக்கக் கூடாது, நாய்க்கு ஆகாது.

முதல் மூன்று நான்கு நாள் கிராம்பு வேண்டாம். நாயை வெளியே நிறுத்தி, ஒரு பெட்டியில் ஈரல் வைத்து, ஆறையும் தரையில் பரப்பி உள்ளே விடுங்கள். எதுவும் சொல்லாதீர்கள், விரல் காட்டாதீர்கள். கண்டுபிடித்ததும் அதே பெட்டிக்குள் இன்னும் இரண்டு துண்டு போடுங்கள். இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், ஈரல் வைக்கும் பெட்டி மட்டும் அதுவாகவே இருக்கட்டும். ஒரு வேளைக்கு நான்கைந்து தேடல், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். நாய்க்கு இன்னும் வேண்டும் என்றிருக்கும்போதே நிறுத்துங்கள்.

இதற்கிடையில் ஜாடியின் அடியில் ஒரு துண்டு டிஷ்யூ போட்டு இரண்டு சொட்டு கிராம்பு எண்ணெய் விடுங்கள். பஞ்சுக்குச்சிகளைப் பாதியாக வெட்டி, எண்ணெயில் நேராகப் படாமல் உள்ளே வைத்து ஒரு நாள் மூடிவிடுங்கள். ஆவியே பஞ்சில் ஏறிக்கொள்ளும். எண்ணெயை நேரடியாகத் தடவினால் வாசனை அறை முழுக்கப் பரவி, எங்கிருந்து வருகிறது என்றே நாய்க்குத் தெரியாது. நாய் நக்கினால் நாக்கும் எரியும்.

ஐந்தாம் நாள், கையுறை போட்டு இடுக்கியால் ஒரு குச்சியை எடுத்துத் தகர டப்பாவுக்குள் வையுங்கள். டப்பாவைப் பெட்டிக்குள் வைத்து மேலே ஈரல் வையுங்கள். பதினைந்து இருபது தேடலுக்குப் பின் ஈரலை எடுத்துவிட்டு டப்பாவை மட்டும் வையுங்கள். மூக்கு அதன்மேல் நின்ற அந்த நொடியில், டப்பாவின் மேலேயே ஈரலைக் கொடுக்க வேண்டும். கையிலிருந்து நீட்டினால் அடுத்த முறை அது உங்கள் கையைப் பார்க்கும். பிறகு மூக்கை வைத்தபடி இரண்டு விநாடி, மூன்று விநாடி நிற்கப் பழக்குங்கள். அதுதான் அதன் அறிவிப்பு.

சரியாக வந்துகொண்டிருந்த நாய் திடீரென்று தவறினால் பெரும்பாலும் காரணம் நம் கைதான். கிராம்புப் பெட்டியை மட்டும் தொட்டு வைத்திருப்போம், நாய் நம் கைவாசனையைத் தேடிப் போயிருக்கும். எனவே ஆறு பெட்டியையும் தொடுங்கள், கிராம்புக்கு ஒரு கையுறை, வெறும் பெட்டிக்கு வேறு கையுறை. நேற்றுக் கிராம்பு இருந்த பெட்டியை இன்று வெறும் பெட்டியாக வைத்தால் நாய் அதைக் காட்டத்தான் செய்யும். அதைத் தப்பு என்று அதட்டினால் கற்றதை நாமே கெடுக்கிறோம். பிரியாணி செய்கிற நாளில் சமையலறைப் பக்கம் தேடல் வைக்காதீர்கள். அஞ்சறைப் பெட்டி முன் நாய் நின்றால் அது சரியான விடை.

பத்து நாளுக்குப் பின் டப்பாவைப் பையன் ஒளித்து வைக்கட்டும். நாயைக் கூட்டி வருகிறவருக்கு இடம் தெரியவே கூடாது, பையனும் அறையை விட்டுப் போய்விட வேண்டும். 2011-ல் அமெரிக்காவில் 18 மோப்ப நாய்க் குழுக்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. எந்த வாசனைப் பொருளும் வைக்காத கட்டிடத்தில், சில இடங்களில் பொருள் இருப்பதாகக் கையாளுநர்களை நம்ப வைத்தார்கள். 225 முறை தவறான அறிவிப்பு வந்தது. கையாளுகிறவர் ஒரு பெட்டி அருகே அரை நொடி நின்றாலே நாய்க்குச் சாடை கிடைத்துவிடும். ஐந்து தேடலுக்கு ஒன்றில் எதையும் ஒளிக்காமல் வையுங்கள். "இங்கே இல்லை" என்று திரும்பி வரவும் அது கற்க வேண்டும்.

வீட்டுக்குள்ள டக்குனு கண்டுபிடிக்குதுங்க. தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனா, வெச்ச எடத்த விட்டுப்போட்டு வேலியவே சுத்துது.
– உடுமலைப்பேட்டை வாசகர்

நாய் செய்வது சரி. உங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, விடாமல் அடிக்கும். ஒளித்த இடத்திலிருந்து வாசனை கிழக்கே விரிந்துகொண்டே போகும். வழியில் கிளுவை வேலி அடர்த்தியாக இருந்தால் காற்று அங்கே தடைபட்டுச் சுழன்று வாசனை தேங்கிவிடும். நாய்க்கு அந்த வேலியடியில்தான் வாசனை அதிகம்.

ஒரு சிட்டிகை முகப்பவுடரை இடுப்பளவில் விட்டுப் பாருங்கள். அது போகும் பக்கத்தில் போய் நின்று, அங்கிருந்து காற்றுக்கு எதிரே நாயைத் தேட விடுங்கள். நேராக இழுத்துப் போகாமல், குறுக்கும் நெடுக்குமாக வளைத்து நடத்துங்கள். வாசனைக்குள் நுழையும் இடத்தில் தலை சடக்கென்று திரும்பும், வால் அசைவு மாறும். வேலியில் நின்றால் அங்கே பரிசு தராமல் மேற்கே இருபது அடி நகர்த்தி மறுபடி விடுங்கள். கொறங்காடு மாதிரி திறந்த மேய்ச்சல் நிலத்தில் வாசனை வெகுதூரம் ஓடும். கரும்புக்குள்ளும் வாழைக்குள்ளும் காற்று நின்றிருப்பதால் அடியிலேயே தங்கும், நாய் மிக அருகே போனால்தான் பிடிக்கும். நேரத்தையும் பாருங்கள். விடியற்காலையில் தரையோரக் காற்று குளிர்ந்து அசையாமல் இருக்கும், வாசனை கீழே நிற்கும். வெயில் ஏற ஏற அது மேலே எழும்பிவிடும்.

வெயிலுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போது வாயால் மூச்சு விடுகிறது, மோப்பம் குறைகிறது. வெடிபொருள் தேடும் நாய்களில் இளைப்பு கூடக் கூடக் கண்டுபிடிப்பு குறைந்ததை 2003-ல் இஸ்ரேல் ஆய்வு காட்டியது. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். இளைப்பு தெரிந்தால் நிழலில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்து, வாய் மூடிய பிறகு தொடருங்கள்.

மொளகாப் பொடி தூவீட்டா நாய்க்கு மோப்பம் போயிருமா?
– அந்தியூர் வாசகர்

போகாது. மிளகாயின் எரிச்சல் வாசனை நரம்பில் ஏறுவதில்லை, முகத்து வலி நரம்பில் ஏறுகிறது. தும்மும், கண் கலங்கும், சிறிது நேரம் வேலை தடைபடும். சுத்தமான தண்ணீரால் மூக்கு நுனியையும் கண்ணையும் கழுவி ஓய்வு கொடுத்தால் திரும்பி வரும். தூவிய இடத்தைச் சுற்றிப்போய் அப்பால் தடத்தை எடுக்கலாம்.

மாடு பருவத்துக்கு வந்திருக்கறத நாய் மோந்து சொல்லுமாம், சரிங்களா?
– காங்கேயம் வாசகர்

1978-லேயே அமெரிக்காவில் நாய்களைப் பழக்கிச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயிற்சிக்கு ஆகும் உழைப்பு உங்களுக்குத் தேவையில்லை. மாடு கத்துவது, மற்ற மாட்டைத் தாண்ட விடுவது, கண்ணாடி போல வழும்பு வடிவது கண்ணுக்கே தெரியும். காலையில் கண்டால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை.

நாய் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் என்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் ஏன் வைக்கவில்லை?
– திருப்பூர் வாசகி

1989-லேயே, எஜமானியின் காலில் இருந்த மச்சத்தை விடாமல் மோந்த நாயைப் பற்றி மருத்துவ இதழில் கடிதம் வந்தது. அந்த மச்சம் தோல் புற்று. 2004-ல் பிரிட்டனில் சிறுநீர் மாதிரிகளை வைத்துச் சோதித்தபோது சிறுநீர்ப்பைப் புற்றை நாய்கள் 41 சதவீதம் சரியாகக் காட்டின. குருட்டாம்போக்கில் காட்டியிருந்தால் 14 சதவீதம்தான் வந்திருக்கும். ஆப்பிரிக்காவின் காம்பியாவில் பள்ளிப் பிள்ளைகள் போட்ட காலுறைகளை மோந்து மலேரியாவைக் கண்டுபிடித்த ஆய்வு 2019-ல் வெளியானது. நோயுள்ளவர்களில் 72 சதவீதம் பேரைப் பிடித்தன, நோயில்லாதவர்களில் 91 சதவீதம் பேரைச் சரியாக விலக்கின.

கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் என்றால், நாய் ஏழு பேரைப் பிடிக்கும், மூன்று பேரை விட்டுவிடும், நோயே இல்லாத 89 பேரைக் காட்டும். நாய்க்கு நாய், நாளுக்கு நாள் திறனும் மாறும். ஆகவே இந்த ஆய்வுகளின் உண்மையான பயன், நோய்க்கு என்று தனி வாசனை உண்டு என்று காட்டியது. உங்கள் நாய் உடம்பில் ஒரே இடத்தைப் பல நாள் மோந்தால் மருத்துவரிடம் காட்டுவதில் தவறில்லை. மோக்கவில்லை என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

காட்டோரத் தோட்டமுங்க. அவுட்டுக்காய் பயம். எங்க நாயையே பழக்கிக் கண்டுபிடிக்கலாமா?
– மேட்டுப்பாளையம் வாசகர்

தயவுசெய்து வேண்டாம். பன்றிக்காகத் தின்பண்டத்தில் வெடியைப் பொதிந்து வைப்பது அது, நாய்க்கும் அதே வாசனைதான் இழுக்கும், கடித்த கணம் தாடை சிதறும். வெடிபொருள் தேடும் நாய்கள் மோந்ததும் தொடாமல் உட்கார்ந்து காட்டும்படி மாதக்கணக்கில் பழக்கப்பட்டவை. கீறியோ கவ்வியோ காட்டப் பழகிய நாயை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. நீங்கள் பழக்க வேண்டியது தரையில் கிடப்பதைத் தொடாமல் விலகுவது. காட்டோரம் போகும்போது கயிற்றில் பிடித்து, வாய்க்கூடு மாட்டிக் கூட்டிப் போங்கள். சந்தேகப்படும்படி எதைப் பார்த்தாலும் தொடாமல் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

சிப்பிப்பாறை, கோம்பை, தெருநாய் இதெல்லாம் மோப்பத்துக்கு ஆகுமா? வெளிநாட்டு நாய்தான் வேணுமா?
– பல்லடம் வாசகர்

சிப்பிப்பாறையும் கன்னி இன நாயும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டைக்கு வளர்த்தவை, அசையும் பொருள் கண்ணில் பட்டால் கவனம் அங்கே போகும். மூக்கில் குறை ஒன்றுமில்லை. இனத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு 2015-ல் வந்த ஒரு முடிவு போதும்: வாசனைகளைப் பிரித்தறியும் சோதனையில் தட்டை மூக்குப் பக் நாய்கள் ஜெர்மன் ஷெப்பர்டுகளை முந்தின. வெளியே நம் வெயிலில் பக் ஓட முடியாது என்பது வேறு விஷயம்.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதற்குப் பிடித்த பந்தை முழங்காலளவு புல்லுக்குள் எறிந்துவிட்டு நில்லுங்கள். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் தேடுகிறதா, பாதியில் உங்களிடம் ஓடி வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு தட்டைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டாலும் உடனே வந்து மோந்து பார்க்கும் குட்டி நல்லது. கொட்டகைக்குள் ஒளிந்து வெளியே வராதது வேலைக்கு ஆகாது. இந்த இரண்டிலும் தேறினால் தெருக்குட்டியையும் தாராளமாக எடுக்கலாம்.

வயித்துப்போக்குக்கு மருந்து குடுத்ததுல இருந்து நாய் தேடறதுல மந்தமாயிருச்சுங்க.
– பெருந்துறை வாசகர்

மெட்ரோனிடசோல் கொடுத்தார்களா என்று சீட்டைப் பாருங்கள். வெடிபொருள் நாய்களில் சிலவற்றுக்கு இந்த மருந்தால் மோப்பம் குறைந்ததை 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. நிறுத்திய பிறகு திரும்பி வந்துவிடும். மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள், மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுத்து முடித்து, பத்து நாள் கழித்து எளிய பெட்டித் தேடலில் ஆரம்பியுங்கள். அப்போதும் மந்தம் என்றால் மூக்கில் சளி, பல்லில் சீழ், மூக்கு வறட்சி இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். சளி இருமல் வந்த நாய்க்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் கண்டு பிழைத்த நாய்க்கும் மோப்பம் குறைவது உண்டு. டிஸ்டெம்பருக்குத் தடுப்பூசி இருக்கிறது, தேதி தவறாமல் போடுங்கள்.